கூலியும் கட்டணமும்: கைவினைஞர் ஊதியம் பற்றிய முறைப்பாட்டின் வரலாறு

1

கொழும்பு மருதானையிலே, 'டெக்னிக்கல் சந்தி' என மக்கள் வழங்கும் இடத்திலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடந்து செல்பவர், வாகன உதிரிப்பாகக் கடைகளையும் கராஜ்களையும் கடந்து செல்கையில், ஏதோவொரு வாசலிலாவது ஒரு வாக்குவாதத்தைக் கேளாதிருத்தல் அரிது. "என்ன பாஸ், அரை மணித்தியால வேலைதானே, அதற்கு இவ்வளவா?" என்பது அதன் தொடக்கம். சிங்களத்திலே கேட்டாலும் தமிழிலே கேட்டாலும் பொருள் ஒன்றுதான். தச்சர், மேசன், தையற்காரர், மின்வேலை செய்வோர், பத்தர் ஆகிய யாவரும் தம் வாழ்நாளிற் பல நூறு தடவை கேட்டுப் பழகிய கேள்வி அது. வாடிக்கையாளர் இவ்வாறு வெளிப்படையாகக் கேட்பர். உறவினரோ வேறு விதமாகக் கேட்பர்: "நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

இம்முறைப்பாட்டை ஒருவரின் கஞ்சத்தனம் என்றோ, மற்றவரின் பேராசை என்றோ கொண்டு அமைதல் எளிது. ஆனால், இதே வாடிக்கையாளர் மருத்துவரிடம் பத்து நிமிடம் இருந்துவிட்டுக் கேட்ட தொகையைக் கொடுத்து வருகிறார். சட்டத்தரணி எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்குப் பேரம் பேசாது பணம் செலுத்துகிறார். அங்கும் மனக்குறை இருக்கலாம். எனினும் அதனை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அவருக்கு வருவதில்லை. ஆகவே ஆராய வேண்டியது தொகையின் அளவையன்று; யாருடைய உழைப்பின் விலை கேள்விக்குரியதாகவும், யாருடைய உழைப்பின் விலை கேள்விக்கு அப்பாற்பட்டதாகவும் கருதப்படுகின்றது என்பதையே.

எமது மொழியே இவ்வேறுபாட்டைப் பேணி வந்துள்ளது. மருத்துவர் பெறுவது கட்டணம். குருக்கள் பெறுவது தட்சிணை. அரச ஊழியர் பெறுவது சம்பளம். தச்சன் பெறுவது கூலி. நான்கும் உழைப்புக்கு ஈடாகப் பெறப்படுவனவே. எனினும் 'கூலி' என்ற சொல்லோடு மட்டும் பேரமும் ஐயமும் ஒட்டிக்கொண்டுள்ளன. இச்சொல் என்றும் இழிந்ததாய் இருந்ததன்று. திருக்குறள் உடல் வருந்தி முயன்றதற்கான பயனைக் குறிக்க இச்சொல்லையே மதிப்புடன் ஆண்டுள்ளது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலோ, தமிழ்க் கூலியோடு தொடர்புபடுத்தப்படும் ஓர் ஆங்கிலச் சொல், தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்ட மனிதரையே சுட்டும் வசையாயிற்று. கொடுக்கப்படும் பணத்தின் பெயர், பெறுகின்ற மனிதனின் பெயராக மாறியமை சொல் வரலாற்றில் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று. அது சமூக வரலாறு.

2

கைவினைஞர் மீதான ஐயம் மிகப் பழையது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் தன் நான்காம் அதிகரணத்துக்குக் 'கண்டகசோதனம்', அதாவது முட்களைக் களைதல், எனப் பெயரிட்டுள்ளது. அதன் முதல் அத்தியாயம் கைவினைஞரிடமிருந்து மக்களைக் காத்தல் பற்றியதாகும். வணிகரும் கைவினைஞரும் கூத்தரும் இரவலரும் அங்கே, பெயரிற் கள்வரல்லர் எனினும் செயலாற் கள்வரே என்ற நோக்கில் ஒருங்கே வைத்து எண்ணப்படுகின்றனர். அரசின் கண்ணோட்டத்திலே கைவினைஞனை மேற்பார்வை செய்வது ஆட்சியின் கடமைகளுள் ஒன்று.

தமிழிலே இவ்வையத்துக்கு நிலைத்த வடிவம் கொடுத்த காப்பியம் சிலப்பதிகாரம். அரசியின் சிலம்பைக் கவர்ந்து, பழியைக் கோவலன்மேற் போட்டவன் ஒரு பொற்கொல்லன். கதையின் தேவைக்கு ஒரு வஞ்சகன் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பின்னர் நிகழ்வதாகக் காப்பியம் கூறுவது கவனத்துக்குரியது: கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்யும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்கிறது அது. ஆராயாது தீர்ப்பளித்தவன் அரசன், பொய்யுரைத்தவன் ஒருவன், உயிர் கொடுத்தவரோ ஒரு தொழிலைச் சேர்ந்த ஆயிரவர். நீதியின் காப்பியமெனப் போற்றப்படும் நூலிலே இவ்வநீதி பெரும்பாலும் பேசப்படாமற் போவதும் எமது திறனாய்வின் வர்க்கச் சார்பைக் காட்டுவதாகும்.

தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்பது ஊரறிந்த பழமொழி. இதன் பொருளாதார அடிப்படையை நோக்குதல் வேண்டும். பத்தரிடம் வேலைக்கு வரும் பொன் வாடிக்கையாளருடையது. பட்டறையும் கைத்திறனும் மட்டுமே பத்தருக்கு உரியன. உருக்கும்போதும் அராவும்போதும் மெருகிடும்போதும் பொன்னிற் சிறு பகுதி கழிவது தவிர்க்கவியலாதது; அதுவே சேதாரம். விலைமதிப்புள்ள பொருள் ஒருவரிடமும், அதனை ஆக்கும் அறிவு மற்றவரிடமும் இருக்கும்போது, பொருளுடையவர் தாம் அறியாத அறிவை ஐயுறுகின்றார். பழமொழி பதிவுசெய்திருப்பது பத்தரின் ஒழுக்கத்தையன்று; பொருளுடையாரின் அச்சத்தையே. பொன் கொடுத்தவர் களவு போனதாகக் கருதியவை பழமொழிகளில் நிலைத்தன. பேசிய கூலி கைக்கு வராத பத்தரின் குறைக்கு அத்தகைய பழமொழி எழவில்லை.

3

ஐயம் பழையதாயினும், 'கேட்ட தொகை அதிகம்' என்ற முறைப்பாடு அத்துணைப் பழையதன்று. தொகை கேட்கும் உரிமை தோன்றிய பின்னரே அது தோன்ற முடியும்.

நிலமானியச் சமுதாயத்திலே கைவினைஞரின் உழைப்புக்குத் தனித்தனி விலை இருந்ததில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விட்ட நிவந்தங்களைக் கூறும் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரோடு தையற்காரர், கன்னார், தச்சர், நாவிதர், வண்ணார் முதலாய பணியாளரையும் பங்குகளால் அளவிடுகின்றது. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். அவரவர் பெறுவது பணிக்குரிய பங்கேயன்றி, செய்த ஒவ்வொரு வேலைக்குமான விலையன்று. ஊர்களிலே கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி இறையிலி நிலங்களுள் ஒன்றாக அக்காலக் கல்வெட்டுகளிற் குறிக்கப்பட்டுள்ளது. ஏர் செய்த தச்சனும் கொழு அடித்த கொல்லனும் அறுவடைக் களத்திலே தம் பங்கைப் பெற்றனர். ஈழத்திலும் கண்டி இராச்சியத்தின் கைவினைஞர் நிலம் பெற்று, அதற்கு ஈடாக அரசனுக்கு இராசகாரியம் செய்தனர்.

இந்த ஒழுங்கை வியந்து எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், நிலம் பெற்ற கைவினைஞன் சந்தையின் அலைச்சலிலிருந்து காக்கப்பட்டிருந்தான் என்பதை விளக்கியது. அவர் கண்டதில் உண்மை உண்டு. நாளைய சோற்றுக்கு அஞ்சாதவன் இன்றைய வேலையைப் பொறுமையோடு செய்வான். ஆயினும் அக்காப்புக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் நாம் மறத்தலாகாது. கொங்குநாட்டுக் கம்மாளருக்கு, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடன் வெளியான ஆணையொன்று சில உரிமைகளை வழங்கியது: நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லுகையில் செருப்பு அணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஊரார் மாளிகைகளை எழுப்பியவர்கள் தம் சுவருக்குச் சாந்து பூச அரசாணை தேவைப்பட்டது என்றால், அதற்கு முன்னிருந்த நிலை யாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இச்சமுதாயத்திலே கைவினைஞரின் உழைப்பு, பிறப்பால் அவர்மேற் சுமந்த கடமை. கடமைக்கு விலை கேட்பவன் நன்றியற்றவன். இன்று வாடிக்கையாளரின் குரலிலே தொனிக்கும் வியப்புக்கு வேர் இங்கேதான் உண்டு. அவர் பணம் அதிகம் என்று சொல்லுகையில், அதன் அடியிலே வேறொரு கூற்று மறைந்துள்ளது: 'எனக்குச் செய்ய வேண்டியவன் என்னிடம் விலை சொல்கிறான்.'

4

இலங்கையிலே இவ்வுறவை உடைத்த நிகழ்ச்சிகள் பல. கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. குடியேற்ற அரசின் நோக்கம் மனிதாபிமானம் மட்டுமன்று. தோட்டங்களுக்கும் தெருக்களுக்கும் விலைக்கு வாங்கத்தக்க உழைப்பு அதற்கு வேண்டியிருந்தது. 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைவரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. மருதானையில் எழுந்த புகையிரதத் தொழிற்சாலைகள், பின்னர் இரத்மலானைக்கு மாற்றப்படும்வரை, இந்நாட்டுக் கைத்தொழில் அறிவின் முக்கிய நிலைக்களங்களுள் ஒன்றாக விளங்கின. பிறப்பாற் கொல்லனல்லாதவன் இரும்பைக் கையாளவும், பிறப்பாற் கொல்லனானவன் இயந்திரத்தைக் கையாளவும் கற்ற இடங்கள் அவை.

1893ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலை அவ்வாண்டிலே மருதானையில் நிறுவப்பட்டது. அதே ஆண்டிற் கொழும்பு அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து சங்கமும் அமைத்தனர். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய தமது நூலிலே குமாரி ஜயவர்த்தன அவ்வியக்கத்தின் தொடக்கத்தை அங்கேயே காண்கிறார். 1912இற் புகையிரதத் தொழிலாளரும், 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலே கொழும்பின் பல்வகைத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். எழுத்துக் கோப்பவரும் இயந்திரம் திருத்துபவரும் தம் உழைப்பின் விலையைத் தாமே சொல்லத் துணிந்தமை, முன்னைய ஒழுங்கோடு ஒப்பிடுகையிற் பெரும் புரட்சியாகும்.

ஆனால் இவ்வெற்றி எல்லாக் கைவினைஞருக்கும் ஒரே அளவிற் கிட்டவில்லை. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் பல தொழில்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுக்க வழி செய்தது. முதலாளியின் கீழ் வேலை செய்பவருக்கு அது கேடயம். தனியே ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் தச்சனுக்கோ, தெருவோரக் கராஜில் நிற்கும் திருத்துநருக்கோ அக்கேடயம் இல்லை. அவர் எதிர்கொள்வது முதலாளியையன்று, வாடிக்கையாளரை. ஒவ்வொரு வேலையும் அவருக்கு ஒரு தனிப் பேச்சுவார்த்தை. அதில் அவர் தனியாள்.

மருதானைத் தொழினுட்பக் கல்லூரியின் வரலாறும் இதனோடு இயைந்ததே. ஒரே நிறுவனம் எந்திரவியற் கல்விக்கும் கைத்தொழிற் பயிற்சிக்கும் இடமளித்தது. காலப்போக்கிற் பட்டப்படிப்பு பிரிந்து, 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் எந்திரவியற் பீடமாயிற்று. கோடு கீறியவர் கட்டணம் பெறுபவராகவும், அக்கோட்டின்படி இரும்பை வளைத்தவர் கூலி பெறுபவராகவும் பிரிந்தனர். தலை உழைப்பு, கை உழைப்பு என்ற பிரிவினை பழைய சாதி ஒழுங்கோடு அழிந்துபோகவில்லை. சான்றிதழின் வடிவிலே புதுப்பிக்கப்பட்டது.

5

வாடிக்கையாளர் தம் கண்முன் கழிந்த நேரத்தையும் வாங்கிய பொருளையும் மட்டுமே கணக்கிடுகின்றார். கைவினைஞர் கேட்கும் தொகையிலோ கண்ணுக்குத் தெரியாதவை பல அடங்கியுள்ளன.

முதலாவது, கற்ற காலம். 1776இல் அடம் சிமித், நீண்டகாலம் செலவிட்டுத் தொழில் கற்றவனைப் பெரும் பொருட்செலவில் வாங்கிய இயந்திரத்தோடு ஒப்பிட்டார். போட்ட முதல் திரும்புதல் வேண்டும் என்பது அவரது கருத்து. 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்திலே மார்க்ஸ், திறன்மிக்க உழைப்பு என்பது பெருக்கப்பட்ட எளிய உழைப்பே என விளக்கினார். திறன்மிக்கவரின் ஒரு மணி நேரத்திலே பயிற்சிக் காலத்தின் மணிகளும் கலந்து நிற்கின்றன. இயந்திரத்தின் ஒலியைச் சற்றுநேரம் கேட்டு, ஒரே திருகாணியை இறுக்கிக் கோளாறை நீக்கும் திருத்துநர் விற்பது அந்தச் சில நிமிடங்களையன்று; அவ்வொலியை இனங்காண அவர் கழித்த ஆண்டுகளையே. இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. திறமை கூடக்கூட நேரம் குறைகின்றது. நேரம் குறையக்குறைய முறைப்பாடு கூடுகின்றது. திறமையற்றவர் நாள் முழுதும் வியர்த்துச் செய்தால் வாடிக்கையாளர் இரங்கிக் கொடுப்பார். வல்லவர் விரைந்து முடித்தால் ஏமாற்றிவிட்டார் என்பார்.

1878இல் இலண்டனில் நடந்த வழக்கொன்று இதற்குத் தக்க சான்று. ஓவியர் விசிலரின் படமொன்றுக்கு 200 கினி கேட்கப்பட்டதை விமரிசகர் இரஸ்கின் கடுமையாகச் சாடினார். ஓவியர் மானநட்ட வழக்குத் தொடர்ந்தார். இரண்டு நாள் வேலைக்கா இத்தொகை என எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினவியபோது, வாழ்நாள் முழுதும் பெற்ற அறிவுக்காகவே கேட்பதாக ஓவியர் விடையிறுத்தார். வழக்கில் அவர் வென்றார். ஆனாற் கிடைத்த இழப்பீடு ஒரு பார்திங் மட்டுமே. மறுவருடம் அவர் வங்குரோத்தானார். புகழ்பெற்ற ஓவியரின் கதியே இதுவாயின், பஞ்சிகாவத்தைத் திருத்துநர் எந்த நீதிமன்றத்திலே விடை சொல்வார்?

இரண்டாவது, ஆயுதங்கள். தச்சர் தம் உளியையும் வாளையும் இன்றும் 'ஆயுதம்' என்றே வழங்குவர். அவை தேயும், உடையும், களவு போகும். 1983 யூலை வன்செயலிலே கொழும்பிற் தமிழரின் கடைகளும் தொழிற்கூடங்களும் எரிந்தபோது, பலரின் வாழ்நாட் சேமிப்பாகிய கருவிகளும் உடன் எரிந்தன. சம்பளம் பெறுபவருக்கு மேசையையும் நாற்காலியையும் அலுவலகம் கொடுக்கின்றது. கைவினைஞரோ தம் அலுவலகத்தைத் தாமே வாங்கி, தாமே மீளவும் வாங்கவேண்டியவர்.

மூன்றாவது, வேலையில்லாத நாட்கள். மழை பெய்தால் மேசனுக்கு வேலையில்லை. பண்டிகை கழிந்தாற் தையற்காரருக்கு வேலையில்லை. வேலையுள்ள நாளின் கூலியே வேலையில்லா நாளின் அடுப்பையும் எரிக்கவேண்டும். 1980 யூலை வேலைநிறுத்தத்தின் பின் பல்லாயிரம் அரச ஊழியர் ஒரே வீச்சில் வேலையிழந்தபோது, மாதச் சம்பளத்தையே அறிந்திருந்த குடும்பங்கள் இவ்வுண்மையைத் தம் சமையலறையிலே கற்றன.

6

உறவினரின் முறைப்பாடு வேறு வரலாறு உடையது. கிராமத்திலே வீடு மேய்தல், வேலி அடைத்தல், கிணறு இறைத்தல் முதலிய வேலைகள் உறவினரிடையே கைமாற்றாக நடந்தன. இன்று நான் உன் கூரைக்கு வந்தால், நாளை நீ என் வேலிக்கு வருவாய். உச்சி வேளைச் சோறும் அன்பும் அதற்குள் அடங்கும். அங்கே பணம் கேட்டல் உண்மையிலேயே உறவை முறிக்கும் செயலாகும். ஏனெனில் ஈடு ஏற்கெனவே வேறு வடிவில் உறுதிசெய்யப்பட்டிருந்தது.

நகரத்திலே இக்கைமாற்று அறுந்துவிட்டது. எழுதுவினைஞராக உள்ள உறவினர், மின்கம்பி இழுத்துக் கொடுத்த மருமகனுக்குத் திருப்பிச் செய்யக்கூடிய உழைப்பு யாது? மருமகன் அரிசியையும் வீட்டு வாடகையையும் சந்தை விலையிலேயே கொடுக்கின்றான். கடைக்காரர் அவனிடம் முறை கொண்டாடுவதில்லை. ஆகவே உறவின் பெயரால் இலவசமாகக் கேட்பவர், பழைய கூட்டு வாழ்வின் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கடமையைக் கைவிட்டவராகிறார். "நாங்கள் என்ன பிறத்தியாரோ?" என்ற வினாவுக்குக் கைவினைஞர் வாய்திறந்து விடை சொல்வதில்லை. பாதிக் கூலிக்குச் செய்துவிட்டு, அடுத்த முறை தொலைபேசியை எடுக்காமல் விடுகின்றார். கூலியைச் சொல்லித் தீர்த்துக்கொள்ளாத இடத்திலே உறவும் நிலைப்பதில்லை.

ஈழத்து முற்போக்கு இலக்கியம் இவ்வமைதியை ஓரளவுக்கேனும் கலைத்தது. யாழ்ப்பாணத்திற் சிகையலங்கரிப்பு நிலையத்திலே தொழில் செய்தவாறே எழுதி, 1966 முதல் 'மல்லிகை'யை வெளியிட்ட டொமினிக் ஜீவா, தம் தொழிலை மறைக்காது முன்வைத்தார். தொழில் செய்யும் கையே எழுதும் கையாகவும் ஆனமை, எமது இலக்கிய வரலாற்றிலே உள்ளடக்க மாற்றம் மட்டுமன்று. யார் பேசலாம் என்ற விதியின் மாற்றமும் ஆகும்.

7

முறைப்பாடு முழுவதும் பொய் என்று கூறுதல் ஆய்வாகாது. ஒப்புக்கொண்ட நாளில் வராதவரும், முற்பணம் பெற்றுக்கொண்டு மறைபவரும், பழைய பாகத்தைப் புதியதென மாட்டுபவரும் உளர். கொந்தராத்துக்காரர் வாடிக்கையாளரிடம் பெறும் தொகைக்கும், வேலை செய்தவரின் கைக்குப் போகும் கூலிக்கும் இடையே பெரும் வேறுபாடு இருத்தலும் கண்கூடு. அவ்விடத்தில் வாடிக்கையாளரும் தொழிலாளியும் ஒருங்கே சுரண்டப்படுகின்றனர்.

மேலும் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முறையிடும் வாடிக்கையாளர் பெரும்பாலும் செல்வரல்லர். நிலையான சம்பளத்தில் வாழும் கீழ் நடுத்தர வர்க்கத்தினர். 2022 செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியபோது, அவர்தம் சம்பளம் கரைந்துபோயிற்று. அதே வேளையிற் செப்புக் கம்பியும் உருக்கு ஒட்டுக் குச்சியும் எரிபொருளும் விலையேறின. கைவினைஞரும் கூடுதலாகக் கேட்க நேர்ந்தது. 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் அவ்வாண்டிற் பதிவுபெற்று வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அவர்களுட் திறன்பெற்ற தொழிலாளரும் பலர். எஞ்சிய தச்சரின் கூலி உயர்ந்ததற்கு அவர்தம் பேராசை காரணமன்று. ஆனால் எரிபொருளின் விலையையோ நாணயத்தின் வீழ்ச்சியையோ வாடிக்கையாளர் பேரம் பேச இயலாது. பேரம் பேசக்கூடிய ஒரே மனிதர் வாசலில் நிற்கும் பாஸ்தான். மேல்நோக்கிச் செல்ல முடியாத கோபம் பக்கத்தில் நிற்பவர்மேல் இறங்குகின்றது.

இக்கோபத்தைச் சட்டமாக்கிய முன்னுதாரணம் ஐரோப்பிய வரலாற்றில் உண்டு. கொள்ளைநோயால் மக்கள் மாண்டு, எஞ்சிய தொழிலாளர் கூடுதல் கூலி கேட்டபோது, இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1351இல் தலைமைத் தச்சனுக்கு நாளொன்றுக்கு மூன்று பென்சு, ஏனைய தச்சருக்கு இரண்டு பென்சு என உச்சவரம்பு விதித்தது. அதனை வேண்டி நின்றோர் நிலவுடைமையாளர். கைவினைஞர் அதிகம் கேட்கின்றனர் என்ற முறைப்பாடு முற்றி எழும்போது, அதனால் யார் பயனடைகின்றனர் என்று நாம் வினவுதல் வேண்டும்.

கூலியைக் குறைப்பதால் எழுதுவினைஞரின் சம்பளம் ஒரு சதமேனும் கூடப்போவதில்லை. தம் சங்கத்தின் மூலம் சம்பள உயர்வு கோரும் ஊழியர், வீட்டுக்கு வந்து தச்சனின் கூலியைப் பாதியாக்க முனைகையிற் தம் கோரிக்கையின் நியாயத்தையே மறுக்கின்றார். வேலை தொடங்குமுன் தொகையையும் நாளையும் இருவரும் தெளிவாகப் பேசிக்கொள்ளுதலும், முடிந்த அன்றே அதனைக் கொடுத்துவிடுதலும் பெரும் புரட்சியன்று. ஆயினும் 'செய்ய வேண்டியவன்' என்ற பழைய உறவு முடிந்து, இருவர் சமமாக நின்று ஒப்பந்தம் செய்யும் உறவு அங்கே தொடங்குகின்றது. கூலி என்ற சொல்லுக்கு வள்ளுவர் காலத்திருந்த மதிப்பை மீட்டுத் தருவதற்கும் அவ்விடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.